இணையவழிப் பாடநெறியைத் தெரிவு செய்தல்

நோட்டன் பிரிட்ஜில் மழை தொடங்கிவிட்டால் நாட்கணக்கு மறந்துபோகும். வட்டவளை, கினிகத்தேனை முதலிய அயலூர்களோடு சேர்ந்து, இலங்கையிலே மிகுந்த மழையைப் பெறும் மலைச்சரிவிலே அமைந்த சிற்றூர் அது. அந்த மழைநீரை வீணே கடலுக்குப் போகவிடாமல் மின்சாரமாக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலே எடுத்துக் கூறினார். அவர் கூறியது நிறைவேற முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன. 1950இல் பழைய லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அவருடைய பெயரைத் தாங்கிய மின்நிலையம் 1965இல் நோட்டன் பிரிட்ஜிலேயே எழுந்தது. நாட்டுக்கெல்லாம் ஒளி தந்த அவ்வூரைச் சூழ்ந்த தோட்டங்களிலோ, லயன் காம்பராக்கள் பல அதன் பின்னரும் நெடுங்காலம் குப்பி விளக்கையே நம்பியிருந்தன.

இன்று அத்தகைய லயன் ஒன்றிலே ஒரு பெண் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். பேராதனையிலே தமிழ்மொழி மூலம் புவியியல் பயின்று பட்டம் பெற்றவள்; தோட்டப் பாடசாலை ஒன்றிலே ஆசிரியை. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலே பட்டப்பின்படிப்பை மேற்கொள்ள விரும்புகிறாள். அதற்கு ஜி.ஆர்.ஈ. என்னும் அனுமதிப் பரீட்சை எழுத வேண்டும் என்று கேள்விப்படுகிறாள். கொழும்பிலே தங்கித் தனியார் வகுப்புக்குச் செல்ல வசதியில்லை. கைப்பேசியைத் திறந்தால் இணையவழிப் பாடநெறிகள் ஒன்றன்பின் ஒன்றாக அணிவகுக்கின்றன. ஒவ்வொன்றும் தன்னைப்போல் பிறிதொன்று இல்லை என்கிறது. இவற்றுள் எதைத் தெரிவு செய்வது, எதைக் கொண்டு தெரிவு செய்வது என்பதே அவள் முன்னுள்ள வினா.

ஆசிரியரை நேரிற் காணாது பரீட்சைக்குப் படிப்பது புதிய வழக்கமன்று. ஐசாக் பிட்மன் என்னும் ஆங்கிலேயர் 1840ஆம் ஆண்டிலே தபால் மூலம் சுருக்கெழுத்துக் கற்பித்தார். மாணவர் எழுதி அனுப்புவதைத் திருத்தித் திருப்பி அனுப்புவதே அவருடைய முறை. 1858இல் லண்டன் பல்கலைக்கழகம், தன் வாயிலை மிதியாதவரும் தன் பட்டப் பரீட்சைக்குத் தோற்றலாம் என்று வழி திறந்தது. இலங்கையிலே 1921இல் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அமையும் வரை, லண்டன் வெளிவாரிப் பட்டத்துக்கே மாணவரை ஆயத்தஞ் செய்து வந்தது. பின்னர் 1980இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் தோன்றித் தொலைக் கல்வியை இந்நாட்டுக்கே உரியதாக்கியது. அதன் கற்கை நிலையம் ஒன்று ஹற்றனிலும் இயங்குகிறது.

இப்பழங்கதையை நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. தபால்வழிக் கல்வியின் உயிர்நாடி அச்சிட்ட பாடத்திலே இருக்கவில்லை. திருத்தப்பட்டுத் திரும்பிவந்த விடைத்தாளிலேதான் இருந்தது. எங்கே பிழைத்தோம், ஏன் பிழைத்தோம் என்பதை மாணவன் அதிலே கண்டான். இன்றைய திரையிலே வண்ணப் படங்களும் இனிய குரலும் வந்து சேர்ந்திருக்கின்றன. எனினும் பாடநெறியை எடைபோடும் படிக்கல் அன்றிருந்ததேதான்.

தெரிவைப்பற்றி எண்ணுமுன் தீர்க்க வேண்டிய ஐயம் ஒன்றுண்டு: இப்பரீட்சை உண்மையிலேயே வேண்டியதுதானா? 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்திலும் அதனையடுத்தும் அமெரிக்கப் பல்கலைக்கழகத் துறைகள் பல ஜி.ஆர்.ஈ. புள்ளிகளைக் கேட்பதைக் கைவிட்டன. சில துறைகள் அதனை விருப்பத்துக்கு விட்டன; சில மீண்டும் கேட்கத் தொடங்கின. ஒரே பல்கலைக்கழகத்திலே ஒரு துறை கேட்கும், அடுத்த துறை கேளாது. வணிக முகாமைத்துவப் படிப்பாயின் ஜிமற் என்னும் வேறொரு பரீட்சையும் உண்டு. ஆங்கில அறிவைச் சோதிக்கும் டோபல் அல்லது ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையோ இவற்றினின்றும் வேறானது. அது பெரும்பாலும் தனியே வேண்டப்படும். தான் நாடும் ஐந்தாறு துறைகளின் அறிவித்தல்களை அப்பெண் முதலிலே வாசித்துப் பார்ப்பாளாயின், பாடநெறியே வேண்டாம் என்ற முடிவுக்கு வருதலும் கூடும். கொழும்பிலே 1952 முதல் இயங்கிவரும் ஃபுல்பிரைட் ஆணைக்குழுவும் அமெரிக்கக் கல்வி பற்றி ஆலோசனை வழங்குகிறது. விளம்பரத்தை நம்புவதைவிட அங்கே ஒரு கேள்வி எழுதிக் கேட்பது மேலானது.

பரீட்சை வேண்டியதே என்றால், அதன் உருவத்தை அறிந்துகொள்ள வேண்டும். 2023 செப்டெம்பரிலே ஜி.ஆர்.ஈ. பரீட்சை சுருக்கப்பட்டது. முன்னர் நான்கு மணி நேரத்தை அண்டியிருந்த பரீட்சை இப்போது இரண்டு மணிக்கும் சற்றுக் குறைவு. முப்பது நிமிடத்திலே ஒரு கட்டுரை. பின் சொல்லறிவிலே இரு பகுதிகளாக 27 வினாக்கள். கணித அறிவிலும் அவ்வாறே இரு பகுதிகளாக 27 வினாக்கள். சொல்லறிவுக்கும் கணித அறிவுக்கும் தனித்தனியே 130 முதல் 170 வரை புள்ளிகள் வழங்கப்படும். இதனால் விளையும் முதற் சோதனை மிக எளிது. இரண்டு கட்டுரைகள் எழுத வேண்டும் என்றோ, ஒரு பகுதியிலே இருபது வினாக்கள் வரும் என்றோ கூறும் பாடநெறி பழைய சரக்கு. பெயர் பெற்ற நிறுவனத்தினது ஆயினும் அதனை ஒதுக்கிவிடலாம். மலிவாகக் கிடைக்கும் பழைய புத்தகங்களையும் இதே கண்கொண்டு பார்க்க வேண்டும். அவற்றிலுள்ள கணிதம் பழுதாகிவிடவில்லை; நேரக் கணக்குத்தான் பழுது.

இப்பரீட்சைக்கு மற்றொரு குணமும் உண்டு. முதற் பகுதியிலே மாணவர் எவ்வாறு விடையளித்தார் என்பதைப் பார்த்து, இரண்டாம் பகுதியின் கடினத்தைக் கணினி தீர்மானிக்கிறது. நன்றாகச் செய்தவருக்குக் கடினமான பகுதி வரும். உயர்ந்த புள்ளிகளுக்கு ஏறும் படியும் அதுவே. ஆகவே முதற் பகுதியிலே கவனக் குறைவால் விடும் பிழை, பின்னர் ஏறக்கூடிய உயரத்தையும் குறைத்துவிடுகிறது. இக்குணத்தை உடைய மாதிரிப் பரீட்சைகளைத் தராத பாடநெறி, நீச்சலைத் தரையிலே கற்பிப்பது போன்றது.

பரீட்சையை நடத்தும் ஈ.டி.எஸ். நிறுவனமே கணினி வழி மாதிரிப் பரீட்சைகள் இரண்டை இலவசமாக வழங்குகிறது. கணிதப் பகுதிக்கு வேண்டியவற்றைத் தொகுத்துரைக்கும் மீட்டல் நூலொன்றும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. கான் அக்கடமியின் இலவசப் பாடங்களுள் எவை எப்பகுதிக்கு உதவும் என்ற அட்டவணையையும் அந்நிறுவனமே தந்திருக்கிறது. இவற்றைத் தொடாமல் பணம் கட்டுதல் முறையன்று. இரண்டு மாதிரிப் பரீட்சைகளுள் ஒன்றைத் தொடக்கத்திலே, நேரம் பிசகாமல், ஒரே அமர்விலே எழுத வேண்டும். மற்றதைத் தொடாமல் வைத்து, உண்மைப் பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எழுத வேண்டும். ஆவல் மிகுதியால் இரண்டையும் முதல் வாரத்திலேயே எழுதித் தீர்ப்பவர் பலர். பின்னர் தம் வளர்ச்சியை அளக்க அவர்களிடம் நம்பத்தக்க முழக்கோல் இருப்பதில்லை.

முதலாம் மாதிரிப் பரீட்சையின் பயன் புள்ளியை அறிவது மட்டுமன்று. எந்த இடத்திலே குறை என்பதை அது காட்டும். சொல்லறிவிலே குறையுள்ளவருக்குக் கணித விரிவுரை நூறு மணி நேரம் கொண்ட பாடநெறி எதற்கு?

தமிழ்மொழி மூலம் படித்தவருக்குக் கணிதப் பகுதியிலே நேரும் இடர் தனிப்பட்டது. அங்கே கேட்கப்படுவன எண்கணிதம், அட்சரகணிதம், கேத்திரகணிதம், தரவுகளை ஆராய்தல் ஆகியனவே. பெரும்பாலும் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தவற்றின் அளவிலேயே நிற்பவை. நுண்கணிதம் இல்லை. திரையிலேயே கணிப்பான் ஒன்றும் உண்டு. ஆயினும் 'முதன்மை எண்' என்று படித்தவருக்குப் 'பிரைம் நம்பர்' என்பது புதியது. இடை, இடையம், ஆகாரம் என மூன்றையும் பிழையின்றிக் கணிக்கத் தெரிந்தவர், ஆங்கிலத்திலே மீன், மீடியன், மோட் என்று வரும்போது தடுமாறுகிறார். மீன் என்றதும் நீர்த்தேக்கத்து மீனே நினைவுக்கு வந்தால் அதிலே வியப்பில்லை. நியம விலகல், நிகழ்தகவு, எச்சம், காரணி, செங்கோண முக்கோணி ஆகிய எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். இவருக்குக் கணக்குத் தெரியாது என்று கூறுதல் தவறு. கணக்கின் ஆங்கிலப் பெயர் தெரியவில்லை என்பதே உண்மை. இக்குறையை எந்த விலையுயர்ந்த பாடநெறியும் தீர்க்காது, ஏனெனில் அவற்றை ஆக்கியோர் இப்படியொரு மாணவரை எண்ணிப் பார்த்ததில்லை. நாற்பது பக்கக் கொப்பி ஒன்றிலே இடப்புறம் தமிழ்ச் சொல், வலப்புறம் ஆங்கிலச் சொல் என நூற்றைம்பது பதங்களை எழுதிக்கொண்டால் இரண்டு வாரத்திலே இவ்விடர் நீங்கும். அதன்பின் எழுதும் மாதிரிப் பரீட்சையின் புள்ளியே அவருடைய மெய்யான தொடக்கப் புள்ளி.

சொல்லறிவுப் பகுதியின் நிலை வேறு. விடுபட்ட இடத்துக்குரிய சொல்லைத் தெரிதல், ஒரே பொருள் தரும் இரு சொற்களைத் தெரிதல், உரைப்பகுதியை வாசித்து விளங்குதல் என்பன அங்கே கேட்கப்படும். ஆயிரம் சொற்களின் பட்டியலைத் தந்து மனனஞ் செய்யச் சொல்லும் பாடநெறிகள் மலிந்துள்ளன. சொல்லின் அகராதிப் பொருளை அறிந்தவரும், நீண்ட வாக்கியம் 'ஆயினும்' என்ற கருத்திலே திரும்பும் இடத்தைக் காணாவிடின் தவறுவார். ஆகவே வாக்கியத்தைப் பிரித்துக் காட்டி, இந்த விடை பொருந்துவது ஏன், மற்ற நான்கும் பொருந்தாதது ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் கூறும் பாடநெறியையே தெரிவு செய்ய வேண்டும். சரியான விடையை மட்டும் காட்டிவிட்டு அடுத்த வினாவுக்கு ஓடுவது பயனற்றது. பாடநெறிகள் பலவும் சில நாட்களுக்கு இலவசமாகப் பார்க்க இடம் தருகின்றன. அந்நாட்களிலே விரிவுரைகளைக் கேட்டு மகிழ்வதை விடுத்து, வேண்டுமென்றே பத்து வினாக்களுக்குப் பிழையான விடை அளித்துப் பார்த்தால், அப்பாடநெறியின் தரம் அரைமணி நேரத்திலே வெளியாகும்.

இதற்கு ஆராய்ச்சியின் துணையும் உண்டு. ரோடிகர், கார்பிக்கி என்னும் உளவியலாளர் இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்விலே, ஒரு சாராரை உரைப்பகுதியொன்றைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் செய்தனர். மற்றொரு சாராரை ஒருமுறை வாசித்தபின் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதச் செய்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவரே முன்னின்றனர். ஒரு வாரம் கழித்தோ நிலை தலைகீழாயிற்று: வாசித்தவர் நூற்றுக்கு 40 பங்கையும், நினைவுகூர்ந்து எழுதியவர் 61 பங்கையும் நினைவில் வைத்திருந்தனர். அழகிய காணொளியைப் பார்த்து முடித்ததும் எல்லாம் விளங்கிவிட்டது போலத் தோன்றுவது அந்த ஐந்து நிமிட மயக்கமே.

இனி விளம்பரங்களின் வாக்குறுதிக்கு வருவோம். இத்தனை புள்ளி உயரும், உயராவிட்டால் பணம் திரும்பும் என்பன அவை. அமெரிக்காவிலே பல்கலைக்கழக முதற்பட்ட அனுமதிக்கான எஸ்.ஏ.ரி. பரீட்சையைப்பற்றி டெரெக் பிரிக்ஸ் என்பவர் 2001இல் ஆராய்ந்தார். பயிற்சி வகுப்புச் சென்றவரையும் செல்லாதவரையும், அவர்களின் ஏனைய வேறுபாடுகளைக் கணக்கிலே எடுத்து, அவர் ஒப்பிட்டார். 200 முதல் 800 வரை செல்லும் அளவையிலே, வகுப்பினால் விளைந்த உயர்வு கணிதத்திலே ஏறத்தாழ 15 புள்ளி, சொல்லறிவிலே 6 முதல் 8 புள்ளி மட்டுமே. அது வேறு பரீட்சை என்பது மெய்தான். எனினும் விளம்பரத்துக்கும் உண்மைக்கும் இடையிலுள்ள தூரத்தை அது உணர்த்துகிறது. பரீட்சையை இரண்டாம் முறை எழுதுபவர், வகுப்பே இன்றியும், பழக்கத்தினால் ஓரளவு உயர்வார். நிறுவனம் தானே ஆக்கிய தொடக்கப் பரீட்சை கடினமாகவும் இறுதிப் பரீட்சை எளிதாகவும் இருந்தால், எவரும் உயர்ந்தவராகவே தோன்றுவார். பணம் திரும்பும் என்ற உறுதியின் அடியிலே, எல்லாப் பாடங்களையும் முடித்திருக்க வேண்டும், குறித்த காலத்துள் பரீட்சை எழுதியிருக்க வேண்டும், முந்திய உண்மைப் பரீட்சையின் பெறுபேற்றைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனைகள் சிறிய எழுத்திலே கிடக்கக்கூடும். முதன்முறை எழுதுபவரிடம் முந்திய பெறுபேறு எங்கிருந்து வரும்?

பணத்தைப்பற்றி இங்கே வெளிப்படையாகவே பேச வேண்டும். 2024ஆம் ஆண்டளவிலே பரீட்சைக் கட்டணம் 220 அமெரிக்க டொலர். அவ்வாண்டின் மாற்று வீதப்படி அது ஏறத்தாழ 66,000 ரூபாய். அதே ஆண்டிலே தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அப்பெண்ணின் தாய் கொழுந்து பறிப்பவளாயின், ஒரு தடவை பரீட்சை எழுதுவதற்கே அவள் நாற்பத்தொன்பது நாள் மலையேற வேண்டும். பாடநெறிக் கட்டணம் இதற்கு மேல். கட்டணம் செலுத்திப் பாடநெறி தேவையா என்ற கேள்விக்கு, இலவசமாகக் கிடைப்பவற்றை ஆறு வாரம் ஒழுங்காகப் பயன்படுத்திய பின்னரே விடை கூற வேண்டும் என்பது இதனாலேதான்.

பணம் கட்டுவதென்றாலும் ஆண்டுக் கட்டணத்திலும் மாதக் கட்டணமே பாதுகாப்பானது. ஆண்டுக் கட்டணம் கணக்கிலே மலிவு. கணக்கு மெய்யாவது ஆண்டு முழுவதும் படிப்பவருக்கு மட்டுமே. ஹார்வர்ட் பல்கலைக்கழகமும் எம்.ஐ.ரி. நிறுவனமும் இணையவழியே நடத்திய பாடநெறிகளை ஆராய்ந்து 2019இல் வெளியான கட்டுரையொன்று, 2017-18ஆம் ஆண்டிலே சேர்ந்தவருள் நூற்றுக்கு மூவரே இறுதிவரை சென்றனர் என்று காட்டியது. அவை இலவசப் பாடநெறிகள் ஆதலால் விட்டுச் செல்லுதல் எளிதாயிருந்திருக்கலாம். ஆயினும் தனியே படிப்பவரின் ஊக்கம் மூன்றாம் வாரத்திலே தளரும் என்பதை எவரும் அறிவர். மாதந்தோறும் தானாகவே பணம் கழிக்கப்படுகிறதா, அதனை நிறுத்துவது எவ்வாறு என்பதையும் சேரும் நாளிலேயே பார்த்துவைக்க வேண்டும். வங்கி அட்டையைக் கடன் வாங்கிப் பதிபவர் இதிலே இருமடங்கு விழிப்பாயிருத்தல் நலம், ஏனெனில் மறதியால் கழியும் பணம் அண்ணனுடையதாகவோ மாமாவினதாகவோ இருக்கும்.

நோட்டன் பிரிட்ஜ் போன்ற ஊருக்கு வேறொரு தகுதியும் கேட்க வேண்டியிருக்கிறது. பாடங்களைத் தரவிறக்கி வைத்துக்கொள்ள முடியுமா? மே மாதம் முதல் தென்மேல் பருவமழை வலுக்கும்போது மின்கம்பியிலே மரம் விழும். பள்ளத்தாக்கிலே தொலைபேசி அலை எட்டாது. ஒவ்வொரு முறையும் இணைப்பை நாடும் பாடநெறி அக்காலத்திலே பூட்டிய பெட்டிதான். ஹற்றனுக்குப் போகும் நாளிலே ஒரு வாரப் பாடத்தை இறக்கிவரவும், வினாக்களைத் தாளிலே அச்சிட்டுக்கொள்ளவும் இடந்தருவதே இங்கு பொருந்தும். சிறிய கைப்பேசியிலே பாடங் கேட்கலாம். மாதிரிப் பரீட்சையையோ கணினியிலேயே எழுதிப் பழக வேண்டும். உரைப்பகுதியை ஒருபுறமும் வினாவை மறுபுறமும் வைத்து வாசிப்பது தனிப் பழக்கம்.

பாடநெறி 120 மணி நேரம் கொண்டது என்று சொல்லப்படுமாயின், அதனைத் தன் வாழ்வின் நேரத்தாலே வகுத்துப் பார்க்க வேண்டும். பாடசாலை விட்டு வந்து, வீட்டு வேலை முடித்து, வாரத்தில் ஐந்து நாள் ஒன்றரை மணி நேரம் கிடைக்கிறதென்றால் பதினாறு வாரம் செல்லும். அமெரிக்கத் துறைகள் பலவற்றுக்கு விண்ணப்ப முடிவு டிசம்பரிலே வருகிறது. ஒருமுறை எழுதியவர் மீண்டும் எழுத 21 நாள் பொறுக்க வேண்டும். எனவே செப்டெம்பரிலே முதன்முறை எழுத நினைப்பவர் மே மாதத்திலே தொடங்க வேண்டும். பெற்ற புள்ளிகள் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் என்பதால், ஓராண்டு முந்தி எழுதிவைப்பதிலும் நட்டமில்லை.

பரீட்சையை வீட்டிலிருந்தும் எழுதலாம் என்ற ஏற்பாடு 2020இல் வந்தது. கதவை மூடிய தனியறை, அறையிலே வேறெவரும் இல்லாமை, தடையற்ற இணைய இணைப்பு, நிழற்படக்கருவி உள்ள கணினி ஆகியன அதற்கு வேண்டும். நடுவிலே எவரேனும் உள்ளே வந்தால் பரீட்சையே பழுதாகலாம். ஆறு பேர் வாழும் லயன் காம்பராவிலே, அடுத்த வீட்டுப் பேச்சு தகரக் கூரைக்கடியே தவழ்ந்து வரும் இடத்திலே, இது துணிந்து செய்யத்தக்கதன்று. முந்திய நாளே ஹற்றனிலே ரயிலேறிக் கொழும்பு சென்று, உறவினர் வீட்டிலே தங்கி, பரீட்சை நிலையத்திலே எழுதுவதுதான் உகந்தது. அச்செலவையும் முதலிலேயே கணக்கிலே சேர்த்துக்கொள்ள வேண்டும். பரீட்சை நாளன்று நான்கு பல்கலைக்கழகங்களுக்குப் புள்ளிகளை இலவசமாக அனுப்பலாம். அந்நான்கின் பெயர்களைக் கொப்பியிலே எழுதி மனத்திலும் இருத்திச் செல்வது நன்று.

எல்லாவற்றுக்கும் முன்பாக, பதிவு செய்யும் பெயரைப் பார்க்க வேண்டும். மலைநாட்டிலே பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் ஓர் எழுத்து, பாடசாலைப் பதிவேட்டில் மற்றோர் எழுத்து எனப் பெயர் சிதைந்து கிடத்தல் பழைய நோய். தந்தையின் பெயர் எது, தன் பெயர் எது என்பதும் ஆங்கிலப் படிவத்தின் கட்டங்களிலே இடம் மாறிவிடும். கடவுச்சீட்டிலே உள்ளவாறே, எழுத்துக்கு எழுத்து, பரீட்சைப் பதிவிலும் இருக்க வேண்டும். பொருந்தாவிடின் பரீட்சை நிலைய வாயிலிலேயே திருப்பி அனுப்பப்படலாம். கட்டிய பணமும் கிட்டாமற் போகலாம். திருத்தம் செய்யப் பிரதேச செயலகத்துக்கு எத்தனை முறை நடக்க நேரும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆதலால் அந்த வேலையை மே மாத மழைக்கு முன்னரே தொடங்கிவிட வேண்டும்.